கத்தரிக் கணக்கில் மல்லிகைக் கூலி: எக்செல் ஃபில்டரில் கவனம் தேவை!

கூலி, உரம், விற்பனை என்று பண்ணைக் கணக்கை எக்செல்லில் எழுதி வைக்கிறீர்களா? நல்ல பழக்கம். ஆனால், ஒரு பயிரை மட்டும் ஃபில்டர் போட்டுப் பார்க்கும்போது, கூட்டுத்தொகையில் தவறு நேர வாய்ப்புண்டு. அதை நம்பினால், லாபம் தந்த பயிரையே அடுத்த பட்டத்தில் கைவிட்டுவிடுவோம்.

உதாரணமாக, ஒரே பட்டியலில் கத்தரிக்குக் கூலி 18,000 ரூபாய், மல்லிகைக்கு 27,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். பயிர்ப் பத்தியில் கத்தரியை மட்டும் தேர்ந்தெடுத்தால், மல்லிகை வரிகள் மறைந்துவிடும். அவை அழிவதில்லை. அதனால், 'சம்' சூத்திரம் மறைந்த வரிகளையும் சேர்த்து 45,000 என்றே காட்டும். கத்தரி நஷ்டம் என்று தோன்றும்.

இதற்கு 'சப்டோட்டல்' சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். சமக்குறி போட்டு, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டுங்கள். அடைப்புக்குறிக்குள் 9, ஒரு கமா, அடுத்து தொகைப் பத்தியின் முதல் கட்டம் முதல் கடைசிக் கட்டம் வரை தேர்ந்தெடுங்கள். இப்போது 18,000 மட்டும் வரும். கூகுள் ஷீட்ஸிலும் இதே முறைதான். இந்தக் கூட்டுத்தொகையைப் பட்டியலின் தலைப்புக்கு மேலே எழுதுங்கள். அப்போது ஃபில்டர் போட்டாலும் அது மறையாது.

மேலும் கவனிக்க வேண்டியவை:

* பட்டியலின் நடுவே காலி வரி விடாதீர்கள். எக்செல் அந்த இடத்தோடு பட்டியல் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழுள்ள வரிகள் ஃபில்டரில் சேராது. தலைப்பு முதல் கடைசி வரி வரை தேர்ந்தெடுத்த பிறகே ஃபில்டர் போடுங்கள்.

* தொகை, எடைப் பத்திகளில் எண்ணை மட்டும் எழுதுங்கள். '50 கிலோ' என்று எழுதினால் அது எண்ணாகக் கணக்கில் வராது. 'கிலோ' என்பதைத் தலைப்பில் குறித்தால் போதும்.

* தேதியை ஒரே மாதிரி எழுதுங்கள். புள்ளி வைத்து எழுதும் தேதியைப் பல கணினிகள் வெறும் எழுத்தாகவே கொள்ளும். அப்படியானால், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்று ஃபில்டர் போடும்போது அந்த வரிகள் விடுபட்டுவிடும்.

* பயிர்ப் பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். 'கத்தரி', 'கத்தரிக்காய்' என மாற்றி எழுதினால் இரண்டு பயிர்களாகப் பிரிந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒவ்வொரு பயிருக்கும் வரும் தொகையைத் தனித்தாளில் குறித்துக் கூட்டுங்கள். ஃபில்டரை நீக்கியதும் வரும் மொத்தத்தோடு அது ஒத்துப்போனால் கணக்கு சரி. அதன் பிறகு, அடுத்த பட்டத்துக்கு எந்தப் பயிர் என்று முடிவெடுங்கள். கணக்கு எழுதக் கற்றுத்தரும் களப்பணியாளர்களும் இந்தச் சோதனையைச் செய்துகாட்டுவது நல்லது.