தேதி முடிந்ததா, பென்ஷன் முடிந்ததா?

கெடு தாண்டி விருப்ப மனு கொடுத்தால் ஓய்வூதியம் பறிபோகுமா? இமாச்சலப் பிரதேச அரசுச் சுற்றுலா வளர்ச்சிக் கழக ஊழியர்கள் சிலர் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். முழுச் சம்பளத்துக்கும் பி.எப். கட்டியவர்கள் அவர்கள். அதே கணக்கில் பென்ஷன் கேட்டபோது, விருப்பம் தெரிவிக்கும் காலம் கடந்துவிட்டது என்று வருங்கால வைப்பு நிதி நிறுவனம் மறுத்தது. திட்டத்தில் உள்ள தேதிகள் பென்ஷனைக் கணக்கிடுவதற்குத்தான், அவை கெடு அல்ல என்று 2016 அக்டோபர் 4-ல் தீர்ப்பு வந்தது.

அடுத்த தீர்ப்பு 2022 நவம்பர் 4-ல். 2014 செப்டம்பர் 1-க்கு முன்பே விருப்பம் தராமல் ஓய்வு பெற்றவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. அன்று பணியில் இருந்தவர்களுக்கு நான்கு மாத அவகாசம் கிடைத்தது. அது நீண்டு 2023 ஜூலை 11-ல் முடிந்தபோது 17 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்திருந்தன.

இது ரூ.15,000 உச்சவரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்குவோரின் வழக்கு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பயர் ஆபீஸ்களில் மருந்து கலக்கும், திரி வைக்கும் நம் மக்களில் பலர் அந்த வரம்பைத் தொடுவதில்லை. ஆனால் அவர்கள் முன்னும் ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை.

ஓர் ஆலையை விட்டு விலகும்போது நிரப்பும் படிவம் 10சி-யில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பென்ஷன் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்வது. மற்றொன்று, திட்டச் சான்றிதழ் வாங்கி, செய்த வருடங்களை அடுத்த ஆலையின் கணக்கோடு சேர்த்துக்கொள்வது. பணத்தை எடுத்தால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். பத்து வருடம் சேர்ந்தால்தான் 58 வயதில் மாத பென்ஷன். நான்கு வருடம் ஓர் ஆலை, ஆறு வருடம் இன்னோர் ஆலை என்று உழைத்தவர் நடுவில் பணத்தை எடுத்திருந்தால் கையில் மிஞ்சுவது ஆறுதான். சேர்த்திருந்தால், ரூ.12,000 சம்பளத்தைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க, மாதம் சுமார் ரூ.1,714.

எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் பேரியத்துக்குத் தடை வந்து, ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது அரிசிக்கு வேறு எந்தப் பணம் இருந்தது?

உள்குத்தகை ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம். பதிவேட்டில் பெயரே ஏறாமல் போவதுண்டு. இருபது பேர் வேலை செய்தாலே பி.எப். சட்டம் பொருந்தும். பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரே ஒரு மாதப் பங்குத்தொகை கட்டியிருந்தாலும் மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. வெடிவிபத்து நடக்கும் ஊரில் அந்த ஒரு மாதம் சின்ன விஷயமில்லை.

எனவே வேலை மாறும் முன் பாஸ்புக்கைப் பாருங்கள். பழைய ஆலையின் பெயர் இருக்கிறதா, பென்ஷன் பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்று கல்லூரிக்குப் போகும் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடலாம்.