சோடாக் கடை வளர்த்த கல்லூரி

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்வதுண்டு. எந்தப் பெரியவரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தாலும், 'இவர் நம்மிடம் வந்து கடன் கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா?' என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமதுவின் வரலாற்றைப் படித்தபோதும் அவ்வாறே கணக்குப் போட்டோம். கொடுத்திருக்க மாட்டோம் என்றே விடை வந்தது. அவ்விடை நம்மைச் சற்றுச் சங்கடத்தில் ஆழ்த்தியது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

1920ஆம் ஆண்டின் கல்கத்தாவை நினைத்துப் பாருங்கள். பழைமையான வங்காள வங்கி, பம்பாய், சென்னை வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாக உருமாறுவதற்கு முந்தைய ஆண்டு அது. இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வங்கி மேலாளரின் அறைக்குள் நுழைந்து, "பல் மருத்துவம் கற்பிக்க ஒரு கல்லூரி தொடங்கப் போகிறேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்நாட்டில் அப்படி ஒரு கல்லூரி அதற்கு முன் இருந்ததில்லை. அங்குப் படித்து வெளிவருபவருக்கு அரசு வேலை உறுதி இல்லை. படிக்காமலேயே பல் பிடுங்குவதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மேலாளர் என்ன செய்திருப்பார்? மரியாதையாக ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்திருப்பார்.

ரஃபியுதீன் அகமது 1890 டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். டாக்கா மதரசாவிலும் பின்னர் அலிகாரிலும் பயின்று, 1909இல் அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1915இல் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் மருத்துவமனையில் பணியாற்றினார். குழந்தைகளின் பற்களைக் காப்பதற்கென்றே, அதிலும் வசதியற்ற குடும்பத்துக் குழந்தைகளுக்காகவே கட்டப்பட்ட மருத்துவமனை அது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840இலேயே தோன்றிவிட்டது. ஆகவே அவர் பயிலச் சென்றபோது, அந்நாட்டில் அத்துறைக்கு எழுபது ஆண்டு வயதாகியிருந்தது. 1919இல் அவர் தாயகம் திரும்பியபோது இங்கே அதன் வயது பூச்சியம்.

அக்காலத்தில் பல்வலி வந்தால் நம்மவர் என்ன செய்தனர்? ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் உப்பும் கரித்தூளும் வராமல் காக்கும் வழிகள். வந்த பிறகு கிராம்புத் தைலம். அதற்கும் அடங்காவிட்டால் நாவிதர், அல்லது சந்தையில் சாக்கை விரித்துக் குறட்டோடு அமர்ந்திருப்பவர். பெருநகரங்களில் சீனப் பல் வைத்தியர்கள் இருந்தனர். கல்கத்தாவில் மட்டுமன்றிச் சென்னையிலும் அவர்களுடைய பெயர்ப்பலகைகள் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியதை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். தந்தையிடமிருந்து மகன் கற்ற கைத்தொழில் அது. அவர்களில் கைராசிக்காரர்கள் பலர் இருந்தனர். ஆயினும் நோயாளி எதை நம்பி வாயைத் திறப்பது என்பதற்கு அளவுகோல் ஏதும் இல்லை.

இந்த நிலையில்தான் அகமது தம் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு அவர் கண்ட வழி எந்தத் திட்ட அறிக்கையிலும் காணக் கிடைக்காதது. கல்கத்தாவில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடையைத் திறந்தார். சோடா நீரில் இனிப்புப் பாகு கலந்து, ஐஸ்கிரீமும் சேர்த்து மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும் அமெரிக்கப் பாணிக் கடைகளை அவர் அங்கே பார்த்திருந்தார். கல்கத்தாவின் கோடைக்கு அதைவிடப் பொருத்தமான வணிகம் வேறு இல்லை. அக்கடையின் வருவாய் கல்லூரியின் செலவுக்குப் போயிற்று. பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கக் கற்றுக்கொடுத்தார் என்று நம் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். நமக்கோ கணக்கேட்டின் இரு பக்கங்களே கண்முன் தோன்றின. ஒரு பக்கம் அன்றாடம் காசு புரளும் கடை. மறுபக்கம் காசை விழுங்கிக்கொண்டே இருக்கும் கல்லூரி.

பல் மருத்துவக் கல்லூரி ஏன் காசை விழுங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். கரும்பலகையும் பெஞ்சும் இருந்தால் வணிகவியல் கற்பித்துவிடலாம். நாம் அப்படித்தான் கற்றோம். பல் மருத்துவ மாணவருக்கோ நாற்காலி, துளையிடும் கருவி, அச்செடுக்கும் பொருள்கள் எல்லாம் வேண்டும். அவற்றுக்கும் மேலாக நோயாளிகள் வேண்டும். கற்றுக்குட்டியின் கையில் தம் வாயை ஒப்படைக்கப் பணக்காரர் வருவதில்லை. வேறு வழியற்ற ஏழைகளே வருவர். அவர்களிடம் கட்டணம் கேட்க முடியாது. மாணவரோ தொடக்க ஆண்டுகளில் மிகச் சிலரே. இரு புறமும் வரவு இல்லாத இந்த நிறுவனத்தை அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார்.

அங்குப் படித்தவர்களுள் முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னாவும் ஒருவர். அவர் 1923இல் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவமனை தொடங்கினார். பெண் ஒருவர் பல் மருத்துவராகப் பெயர்ப்பலகை மாட்டுவது அன்றைய பம்பாய்க்கே புதுமை.

கல்லூரியைத் தொடங்கிய ஐந்தாண்டுகளுக்குள் அகமதுவுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்க வேண்டும். கல்லூரி மட்டும் இருந்தால் போதாது. படித்து வெளியேறியவர் தனியாளாய் நின்றால் சந்தைக் குறட்டுக்காரருக்கும் அவருக்கும் வேறுபாடு தெரியாது. 1925இல் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தை அமைத்தார். இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி 1946 வரை அவரே ஆசிரியராக இருந்தார். 1928இல் மாணவர்களுக்கென்று ஒரு பாடநூல் எழுதினார். பகலில் நோயாளிகள், கல்லூரி, கடை. இவற்றுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இதழை நிறுத்தாமல் நடத்துவது எளிதன்று. கால் ஆண்டுக்கு ஒருமுறை இந்த இதழுக்குக் கட்டுரை தருவதற்கே நாம் படும் பாட்டை ஆசிரியர் அறிவார்.

1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததில் அவருடைய முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் சுதந்திரத்துக்குப் பின், 1948இல் நிறைவேறியது. 1945 முதல் 1948 வரை அனைந்திந்தியப் பல் மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவரே.

அச்சட்டத்தில் நம்மைக் கவர்ந்த ஒரு நுட்பம் உண்டு. பதிவேட்டை அது 'அ', 'ஆ' என்று இரு பகுதியாகப் பிரித்தது. தகுதி பெற்ற பட்டதாரிகள் முதல் பகுதியில். பட்டம் இல்லாவிட்டாலும், குறைந்தது ஐந்தாண்டுகள் இத்தொழிலையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் இரண்டாம் பகுதியில். பரம்பரையாகக் கற்றுச் செய்தவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடாமல், அதே சமயம் புதிதாக வருபவருக்குக் கல்லூரி வாயிலே வழி என்று ஆக்கிவிட்ட ஏற்பாடு. 2023இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றும் வரை, எழுபத்தைந்து ஆண்டுகள் இத்துறை அச்சட்டத்தின்கீழ் நடந்தது.

வங்கியாளரின் கண்ணால் பார்த்தால், ஒரு பட்டத்துக்குச் சந்தை மதிப்பு ஏற்படுவது அப்பட்டம் இல்லாதவர் அத்தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிலை வந்த பிறகே. இன்று பல் மருத்துவம் பயிலும் மாணவருக்கு நாம் கல்விக்கடன் வழங்குகிறோம் என்றால், படிப்பு முடிந்ததும் அவர் பதிவு பெற்ற மருத்துவர் என்ற உறுதிதான் அதன் அடித்தளம். அந்த உறுதி பிறப்பதற்கு 28 ஆண்டுகள் முன்பாகவே அகமது தம் முதலைப் போட்டுவிட்டார்.

அதன்பின் அவர் செய்ததுதான் நம் கணக்கை முற்றிலும் குலைத்தது. 1948இல் சட்டம் வந்துவிட்டது. இனிமேல் கல்லூரிக்குக் கூட்டம் வரும். நீண்ட கால வைப்புத்தொகை முதிர்வடைந்த தருணம் என்றே சொல்லலாம். மறு ஆண்டே, 1949இல், கல்லூரியை மேற்கு வங்க அரசுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். முதிர்வுத் தொகையை எடுக்க வரவேண்டிய நாளில் வந்து, ரசீதையே பிறர் பெயருக்கு மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டுப் போன வாடிக்கையாளரை நாம் நம் பணிக்காலத்தில் கண்டதில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் கல்லூரிக்குக் கிட்டியது. இன்று அது டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை என்ற பெயரில் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகில் இயங்கிவருகிறது.

சியால்தா என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் அந்த நிலையத்தின் நடைமேடைகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்தனர். அகமதுவின் பிறந்த மண் அப்போது வேறொரு நாடாகிவிட்டிருந்தது. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். 1950இல், தாமும் மருத்துவரான முதலமைச்சர் பிதான் சந்திர ராய் அவர்களின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1962 வரையிலான அமைச்சுப் பணியில் வேளாண்மை, சமூக வளர்ச்சி, கூட்டுறவு ஆகியவற்றோடு நிவாரணமும் மறுவாழ்வும் அவர் கையில் இருந்த துறைகள். அப்பணிக்கு நடுவிலும் 1954 முதல் 1958 வரை இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் தலைவராக இருந்தார். 1964இல் பத்மபூஷண் விருது. மறு ஆண்டு மறைவு. அவர் பிறந்த டிசம்பர் 24 இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் ஒன்றாய்த் தொடங்கிய கல்லூரிகளின் எண்ணிக்கை நாட்டில் இப்போது 300ஐத் தாண்டிவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன சங்கடத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கிளையில் நாம் பணியாற்றியபோது, பட்டம் பெற்று ஓராண்டே ஆன ஓர் இளம் பெண் மருத்துவர் கடன் கேட்டு வந்தார். ஒரு நாற்காலி, காற்றழுத்தி, எக்ஸ்ரே கருவி, கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யும் கலன் ஆகியவற்றுக்கான விலைப்புள்ளிகளை ஒழுங்காக இணைத்திருந்தார். கல்விக்கடனே இன்னும் பாக்கி இருந்தது. அடமானத்துக்குச் சொத்து இல்லை.

"இந்த ஊரில் பல்லுக்கென்று யாரம்மா மருத்துவரிடம் வருகிறார்கள்? பல் செட் கட்டக்கூடப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருப்பவரிடந்தான் போகிறார்கள்" என்றோம்.

"டாக்டர் இல்லாததால்தான் சார் அங்க போறாங்க" என்றார்.

வாதம் சரியானதே. ஆயினும் கோப்பில் 'வருவாய் வாய்ப்பு ஐயத்துக்குரியது' என்று எழுதி, மூன்றாம் நபர் பிணை கேட்டுத் திருப்பி அனுப்பினோம். அவர் மீண்டும் வரவில்லை. சென்னையில் ஏதோ ஒரு மருத்துவமனையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு அவருடைய தந்தை, வேறொரு வேலையாகக் கிளைக்கு வந்தபோது சொன்னார். குறையாக அவர் ஏதும் பேசவில்லை. அதுதான் நமக்குக் கடினமாக இருந்தது. விதிப்படி நாம் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடை அப்படியேதான் இருந்தது.

அதன்பின் பணி மாறுதலில் கொல்கத்தா சென்றோம். ஓர் இரவு முழுதும் கடைவாய்ப் பல் தூங்கவிடவில்லை. அலுவலகத் தோழர் ஒருவர், "அகமது கல்லூரிக்குப் போங்கள்" என்று வழி சொன்னார். அகமது யார் என்று அதுவரை நமக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கே புறநோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. கூலித் தொழிலாளிகள், கன்னத்தில் துணி கட்டிய பாட்டி, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன், அவனுடைய தாய். முன்னால் நின்ற முதியவர், இந்தக் கல்லூரியை ஐஸ்கிரீம் விற்றுக் கட்டினார்கள் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நினைத்தோம்.

நம் முறை வந்தது. வெள்ளை அங்கி அணிந்த மாணவி ஒருவர் நாற்காலியைச் சாய்த்து, விளக்கை நம் முகத்துக்கு நேரே திருப்பினார். கண்ணாடியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இலேசாக நடுங்கின. பின்னால் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

"ஹா கோருன்" என்றார் மாணவி, வங்காளத்தில். வாயைத் திறந்தோம்.