வெள்ளியை ரூபாயாக்கினால் கணக்கு முடிந்துவிடாது

சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை என்று கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இருக்கிற வீடுகள் உண்டு. அடுத்த பிள்ளையையும் அனுப்பலாமா என்று பேச்சு வந்தால் அங்கே நடப்பது ஒரே பெருக்கல்தான். 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 48,000. உள்ளூரில் இந்தப் பணத்தை யார் தருவார்கள்? பெருக்கலில் பிழையில்லை. அதை வைத்து இரண்டு நாட்டு வாழ்க்கையையும் அளக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

ஒரு நாட்டின் பணம் அந்த நாட்டில் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் வாங்கும் சக்தி என்கிறார்கள். சந்தையில் அமெரிக்க டாலர் 80 ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்திலும், உலக வங்கியின் வாங்கும் சக்திக் கணக்கில் அது ஏறக்குறைய 20 ரூபாய்தான். அதாவது, அமெரிக்காவில் ஒரு டாலர் கொடுத்து வாங்குவதை இங்கே சுமார் 20 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். முடிவெட்டுவது, பஸ் பயணம், வீட்டு வாடகை போன்றவை இங்கே மலிவாக இருப்பதே காரணம்.

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவருடைய சம்பளம் இரண்டு நாட்டில் செலவாகிறது. அங்கே செலவாகும் வெள்ளிக்கு அந்த ஊர் விலை. ஊருக்கு வந்து சேரும் வெள்ளிக்கு மட்டும்தான் 60 ரூபாய் மதிப்பு. சாப்பாடு, போன், இதர செலவு என்று 250 வெள்ளி போனால், மீதி 550. ஊரில் அது 33,000 ரூபாய். ஏஜெண்டுக்குக் கட்ட மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 6,000 வட்டிக்கே போகும். அசலை ஓராண்டில் அடைக்க நினைத்தால் மாதம் இன்னொரு 25,000. கடன் குறையக் குறைய வட்டியும் இறங்கும் என்றாலும், தொடக்க மாதங்களில் வீட்டுக்கு நிற்பது 2,000 ரூபாய்தான். இதுவே கடனில்லாமல் போனவர் என்றால் 33,000 ரூபாயும் அப்படியே வீடு வந்து சேரும். சம்பளத்தைவிட, போகும்போது வாங்கிய கடனே அந்தக் குடும்பத்தின் முதல் ஆண்டைத் தீர்மானிக்கிறது.

சரி, பணத்தை விடுவோம். நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை வருமானத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்று பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் வலியுறுத்தினார். அமர்த்தியா சென்னும் அதில் கைகொடுத்தார். 1990 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிடுகிறது. 2025 அறிக்கையில் சிங்கப்பூருக்கு 13ஆம் இடம், இந்தியாவுக்கு 130.

ஆனால் அந்த 13ஆம் இடத்துக்குப் பின்னால் இருப்பது அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடு, மத்திய சேமநல நிதி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி. வொர்க் பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைக்கு அந்தச் சேமநல நிதி கிடையாது. மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள முடியாது. 2021இல் அறிவித்த புதிய விதிப்படியே, விடுதியில் ஒரு ஆளுக்குக் குறைந்தபட்சம் 4.2 சதுர மீட்டர், ஒரு அறையில் அதிகபட்சம் 12 பேர். 4.2 சதுர மீட்டர் என்றால் சுமார் 45 சதுர அடி: ஒரு கட்டில், ஒரு அலமாரி, நடுவே நிற்க இடம். பழைய விடுதிகளில் இதுவும் இல்லாததால்தான் 2020இல் கொரோனா அங்கே அப்படிப் பரவியது. சிங்கப்பூரின் சராசரி வாழ்க்கையை நம் பிள்ளை வாழ்வதில்லை.

அங்குள்ள நல்லதையும் சொல்லியாக வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும், ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலாளி கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நம்மூர்க் கட்டட வேலையில் இதையெல்லாம் கேட்டுப் பெறுகிறவர் எத்தனை பேர்?

நம் பக்கத்திலோ, எந்தச் சம்பளச் சீட்டிலும் வராத வரவு உண்டு. ரேஷன் அரிசி, பள்ளியில் காலை உணவும் மதிய உணவும், பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. ஆகவே 130ஆம் இடமும் நம் மாவட்டத்தை முழுதாகக் காட்டுவதில்லை.

ஆனாலும் இங்கிருந்து ஏன் கிளம்புகிறார்கள்? 2004இல் சுனாமி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஒரே நாளில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015இல் வெள்ளம். வருஷக்கணக்கில் வளர்த்த மரம் ஒரு ராத்திரியில் போன குடும்பத்துக்கு, மாதம் தவறாமல் வரும் சம்பளம் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியும் வாழ்க்கைத் தரம்தான். மனித வளர்ச்சிக் குறியீட்டில் அதற்கு இடமில்லை. அதனால் போகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

போக முடிவெடுத்தவர்கள் ஒன்று செய்யுங்கள். பணம் கட்டும் முன், சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தரும் ஐ.பி.ஏ. (கொள்கையளவிலான ஒப்புதல்) கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையும் கடிதத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இல்லையென்றால், நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.