திறக்க மறுக்கும் கோப்புகள்: பழைய மென்பொருளைப் புதிய கணினியில் இயக்குதல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது வருட காலம் நம் நாட்டில் வெளிவந்த தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் வரலாறுகள் ஆகியவற்றில் கணிசமானவை ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளில் பக்கம் அமைக்கப்பட்டவை. அநேகமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. வடபுல முஸ்லிம்களின் 1990 வெளியேற்றம், கிழக்கின் யுத்த வருடங்கள், 2004 சுனாமி ஆகியவற்றைப் பற்றி நம்மவர்கள் அந்தந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவை பலவும் இந்த வகைக்குள் அடங்கும். 300, 500 பிரதிகளாக அச்சான அந்நூல்கள் இன்று கடைகளில் இல்லை. மறுபதிப்புச் செய்யலாம் என்று முன்வருகின்றவர்களிடம் ஒரு சீடியோ புளொப்பியோதான் எஞ்சியிருக்கின்றது. “சேர், வாப்பாட புத்தகம் இதுக்குள்ளதான் இருக்கு. ஆனா திறக்குதில்ல” என்று கேட்டு வருகின்றவர்கள் இப்போது கூடிவிட்டார்கள்.

விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. பலர் பழைய கணினியைக் கழித்துவிட்டு விண்டோஸ் 11 உள்ள புதியதை வாங்குகிறார்கள். கழிக்கப்படும் கணினியோடு அந்தக் கோப்புகளைத் திறக்கும் கடைசி வழியும் போய்விடக் கூடும். ஆகவே, பழைய மென்பொருள் ஏன் புதிய கணினியில் ஓடுவதில்லை, ஓட வைக்க என்ன வழி, திறந்த பின் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் கணினித் துறை சாராத ஒருவருக்கு விளங்கக் கூடிய விதத்தில் விடை சொல்ல இக்கட்டுரை முயல்கிறது.

ஏன் ஓடுவதில்லை?

ஒரு மென்பொருள் தனியே நின்று இயங்குவதில்லை. எழுத்தைத் திரையில் காட்டவும், கோப்பைச் சேமிக்கவும், அச்சுப்பொறிக்கு அனுப்பவும் அது விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடம் உதவி கேட்கின்றது. அந்த உதவி கேட்கும் முறை காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1995க்கு முந்திய விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் 16 பிட் முறையிலானவை. விண்டோஸ் 95 உடன் 32 பிட் முறை பரவியது. இன்றைய கணினிகள் 64 பிட் முறையில் இயங்குகின்றன. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஏற்றுக்கொள்ளும். 16 பிட் மென்பொருளை அறவே ஏற்காது. 32 பிட் விண்டோஸ் 10 வரை அதற்கு ஓரளவு இடமிருந்தது. விண்டோஸ் 11 கணினிகளுக்கு 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது.

பேஜ்மேக்கரின் கதையும் இதற்குள் அடங்கும். 1985இல் அல்டஸ் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. 1994இல் அல்டஸ் அடோபியுடன் இணைந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது; அடோபியின் கவனம் இன்டிசைனுக்குத் திரும்பியது. 6.5, 7 ஆகிய பதிப்புகள் 32 பிட் முறையிலானவை என்பதால் அவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால், அந்தக் காலத்து மென்பொருள்கள் சிலவற்றில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவித் தரும் ‘செட்அப்’ 16 பிட்டாக இருக்கும். “சீடியைப் போட்டா ஒண்டுமே வருதில்ல” என்பதற்கு இது ஒரு காரணம்.

தொடங்கு முன்னர்

முதல் வேலை பிரதி எடுப்பது. சீடியிலோ புளொப்பியிலோ இருப்பதை முழுமையாக, கோப்புறை அமைப்பு மாறாமல், இரண்டு வேறு இடங்களில் பிரதி பண்ணுங்கள். யூஎஸ்பியில் பொருத்தும் புளொப்பி ட்ரைவ் இன்றும் வாங்கலாம். பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு, கூட இருக்கும் படக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் விட்டுவிடக் கூடாது. பேஜ்மேக்கரில் பெரிய படங்கள் பக்கத்துக்குள் முழுமையாகச் சேமிக்கப்படாமல், வெளியே உள்ள கோப்போடு தொடுக்கப்பட்டிருக்கலாம். அறபு வசனங்களைப் படமாக இட்டிருந்தால் அவையும் அப்படித்தான். தொடுப்பு அறுந்தால் ஆயத்து இருக்க வேண்டிய இடத்தில் தெளிவில்லாத ஒரு நிழல்தான் அச்சாகும்.

அடுத்து, கோப்பின் பெயரின் கடைசியைப் பாருங்கள். ‘பிஎம்6’ என்றிருந்தால் 6ஆம் பதிப்பு, ‘பி65’ என்றால் 6.5, ‘பிஎம்டி’ என்றால் 7. வேலை எப்போதும் பிரதியில்தான் நடக்க வேண்டும்; மூலத்தைத் தொடக் கூடாது.

ஓட வைக்கும் வழிகள்

முதலாவது, நேரடியாக நிறுவிப் பார்ப்பது. பேஜ்மேக்கர் 7 இருந்தால், விண்டோஸின் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் நிறுவாமல், சி ட்ரைவில் தனிக் கோப்புறை ஒன்று அமைத்து அதில் நிறுவுங்கள். பழைய மென்பொருள்கள் தம் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே குறிப்புகளை எழுதி வைக்கும் பழக்கமுள்ளவை. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் எழுத விடுவதில்லை. பிறகு பேஜ்மேக்கரின் சின்னத்தில் வலது கிளிக் செய்து, ‘புரொபர்ட்டீஸ்’ சென்று, ‘கொம்பட்டிபிலிட்டி’ பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பியைத் தெரிவு செய்யுங்கள். நிர்வாகி உரிமையோடு இயக்கும் தெரிவையும் குறியிடுங்கள். பல கணினிகளில் இவ்வளவே போதும்.

எழுத்துருவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய விண்டோஸில் எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது அந்த ஒரு பாவனையாளருக்கு மட்டும், வேறோர் இடத்தில் பதியப்படும். பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம். எழுத்துருக் கோப்பில் வலது கிளிக் செய்து, ‘எல்லாப் பாவனையாளர்களுக்கும் நிறுவு’ என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். பாமினியை நிறுவியும் பட்டியலில் காணவில்லை என்போர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது வழி, கணினிக்குள் இன்னொரு கணினி. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள், புதிய கணினிக்குள் ஒரு ஜன்னலில் பழைய கணினி ஒன்றையே உருவாக்கித் தரும். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினால், பேஜ்மேக்கர் தன் சொந்த வீட்டுக்கு வந்தது போல ஓடும். 512 மெகாபைட் நினைவகமும் 10 கிகாபைட் இடமும் எக்ஸ்பிக்குத் தாராளம். எக்ஸ்பிக்கான உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். பழைய கணினியோடு வந்த சீடியும் இலக்கமும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டன. எனவே இந்த உட்கணினிக்கு இணைய இணைப்புக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, பேஜ்மேக்கரே இல்லாமல் கோப்பைத் திறப்பது. இன்டிசைன் சிஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6 முதல் 7 வரையான கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பிந்திய பதிப்புகள் திறக்கா. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸும் 2015இலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்புக் குலையலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு உதவும். வேர்ட்ஸ்டார் போன்ற டொஸ் காலத்து மென்பொருளை இயக்க வேண்டுமென்றால் டொஸ்பொக்ஸ் இருக்கின்றது.

திறந்த பின்: பாமினியின் முடிச்சு

கோப்புத் திறந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. உண்மையான சிக்கல் எழுத்தில் இருக்கிறது.

அறபுத் தமிழை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே மொழி தமிழ், எழுத்து அறபு. தெரியாத ஒருவர் பார்த்தால் அறபு என்றே நினைப்பார். பாமினியும் இப்படியான ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் நினைவில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றது. பாமினி எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவை அகற்றினால் தமிழ் மறைந்துவிடும். யூனிகோடில் அப்படியல்ல, தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட தனி எண் உண்டு. அதனால்தான் யூனிகோட் தமிழை எந்தக் கைபேசியிலும் தேடவும் வாசிக்கவும் முடிகிறது.

எனவே பாமினியை யூனிகோடாக மாற்ற வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லைத் தெரிவு செய்து எழுத்துருவை டைம்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். மேற்சொன்ன ஐந்து குறிகளும் அதே வரிசையில் வந்தால் அது பாமினிக் குடும்பம். வேறு ஏதும் வந்தால் அதற்குரிய மாற்றியைத் தேட வேண்டும்.

பேஜ்மேக்கரிலிருந்து உரையை ஏற்றுமதி செய்யும்போது வெறும் உரையாக எடுக்காமல், ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவில் எடுங்கள். வெறும் உரையில் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்ற வேறுபாடு அழிந்துவிடும். பிறகு மாற்றி ஆங்கிலப் பெயர்களையும் தமிழாக்கி உளறும். ரிச் டெக்ஸ்டில் எழுத்துருப் பெயர் கூடவே இருப்பதால், வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி ஆங்கிலப் பகுதிகளை முதலில் ஒதுக்கிவிடலாம்.

மாற்றிய உரையை அப்படியே நம்பவும் கூடாது. ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் பாமினியில் ஒரே குறிதான். ஆகையால் மாற்றி தடுமாறும். மௌலவி ‘மெளலவி’ ஆவார்; தௌஹீத் ‘தெளஹீத்’ ஆகும்; கௌரவம் ‘கெளரவம்’ ஆகும். பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் தேடும்போது அகப்படாது. ‘தெளிவு’ போன்ற சொற்களில் ளகரமே சரி என்பதால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவும் முடியாது. சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும். அச்சுப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பு நோக்குவது அவசியம்.

எதைப் பேணுவது?

ஒரு நூலுக்கு மூன்று வடிவங்களை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, எழுத்துருக்களோடும் படங்களோடும் கூடிய மூலக் கோப்பு. இரண்டு, பக்கத் தோற்றம் மாறாத பிடிஎஃப். எழுத்துருவை அதற்குள் உட்பொதித்தே செய்ய வேண்டும். மூன்று, சரிபார்த்த யூனிகோட் உரை. எழுதியவரின் அல்லது அவரது வாரிசுகளின் சம்மதத்தோடு ஒரு பிரதியை, 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருகின்ற நூலகம் போன்ற தளத்துக்குக் கொடுத்தால், ஒருவர் வீட்டு அலுமாரியை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறும்.

இதற்கெல்லாம் முன்னர் செய்யக் கூடிய ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கங்களைத் தட்டச்சிட்டு அமைத்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, படங்கள் எந்தக் கோப்புறையில் என்பதை அவர்கள் நினைவிலிருந்தே சொல்லுவார்கள். அவர்களைப் போய்க் கண்டு, கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியைக் கழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.