வெள்ளை உடுப்பு – 9: பென்சிலில் எழுதிய டூட்டி

திருத்தணியில் பள்ளிப்பட்டு பஸ் ஏறினால் பாதி வழியிலேயே பக்கத்து சீட்டுப் பேச்சு தெலுங்குக்கு மாறிவிடும். 1960 ஏப்ரலில் திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்த பகுதி இது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். இங்கே வேலைக்கு வரும் நர்ஸ்களில் தென்மாவட்டத்துக்காரர்களும் உண்டு. கவுன்சலிங்கில் காலியாக இருந்த இடம், எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்படி வந்த ஒரு சிஸ்டர் சொன்னார். முதல் வார நைட் டூட்டியில் ஒரு பாட்டி 'கடுப்பு நொப்பி' என்று வந்தாராம். இவர் நீர்க்கடுப்பு என்று நினைத்துக்கொண்டு, "எத்தனை நாளா எரியுது பாட்டி? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்க, பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தாராம். தெலுங்கில் கடுப்பு என்றால் வயிறு.

"இப்பச் சிரிக்கிறேன் சார். அன்னைக்கு விடியிற வரைக்கும் கை நடுங்குச்சு. ஒரு வார்த்தை கேக்கப் பக்கத்துல ஆளில்லை."

ஏன் ஆளில்லை? 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது தமிழ்நாட்டில் பழகிப்போன கணக்கு. காலை, மதியம், இரவு – மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஆளுக்கு ஒரு நாள் ஆஃப் கொடுத்தால் மூன்று பேரும் சேர்ந்து பார்க்க முடிவது 18. மீதி மூன்றை யார் பார்ப்பது? யாருக்கும் காய்ச்சல் வராத, யார் வீட்டிலும் சாவு விழாத வாரத்திலேயே இந்தத் துண்டு விழுகிறது. மணிக்கணக்கில் சொன்னால் ஆளுக்கு 56 மணி நேரம். ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் மிச்ச இருவருக்கும் 84. அரசு ஊழியருக்கு அந்த விடுப்பு 2021-லிருந்து 12 மாதம்; நல்ல ஆணைதான். அந்த 12 மாதத்துக்கு மாற்று ஆள் வேண்டுமே! பக்கத்து நிலையத்திலிருந்து டெபுடேஷனில் ஒருவரை இழுப்பார்கள். துண்டு அங்கே விழும்.

இதில் முடியாது என்று சொல்லத் தெம்பு வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்களின் ஆரம்பச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு சம்பளம் உயர்ந்தது, பலர் நிரந்தரமும் ஆனார்கள். ஆனால் தொகுப்பூதியம் என்ற ஏற்பாடு போய்விடவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் இன்றைக்கு டபுள் டூட்டியை மறுப்பாரா?

உடம்பு இதை எழுதி வைத்துக்கொள்கிறது. இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல் வைத்தது. 2019-ல் மறுபடி பார்த்துவிட்டு அங்கேயே விட்டது. அது நீண்ட காலக் கதை. கிட்டத்துக் கதை வேறு: லேபர் வார்டில் வலியோடு ஒருத்தி படுத்திருக்கும்போது எழுந்து போக முடியாது என்பதால் சிஸ்டர் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார். பாட்டியிடம் கேட்ட அந்த நீர்க்கடுப்பு யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மனசுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 14416-க்குப் போன் செய்தால் எந்நேரமும் ஆலோசகர் கிடைப்பார், காசில்லை. 2022-ல் வந்த டெலிமானஸ் சேவை. நல்ல சேவை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டருக்கும் அந்த எண் மனப்பாடம், நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி. "நீங்க கூப்பிட்டிருக்கீங்களா?" என்றேன். "கூப்பிட்டா நிதானமாப் பேசணுமே சார்" என்றார். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி வைத்தார்களாம். இவருக்கு அது நைட் முடித்த அன்று காலை பத்து மணிக்கு. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னதும் அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பாமல் விட்டாரே, அந்தப் பயிற்சியாளருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இன்னொரு நர்ஸ் போட்டால் 21 ஷிஃப்டுக்கு 24 கை. காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மூன்று மிச்சம். நான் கேட்டுப் பார்த்த நர்ஸ்கள் யாரும் யோகா கேட்கவில்லை, இந்த நாலாவது ஆளைத்தான் கேட்டார்கள்.

கிளம்பும்போது மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த டூட்டி லிஸ்டைப் பார்த்தேன். அட்டெண்டன்ஸ் பேனாவில், இது மட்டும் பென்சிலில். வியாழக்கிழமைக் கட்டத்தில் தாள் நைந்து மறுபக்கம் தெரிந்தது. அங்கே 'ஆஃப்' என்று எழுதி அழித்த தடம் இருந்தது. சிஸ்டர் கண்ணாடியைத் தூக்கி, லேசாக 'நைட்' என்று எழுதினார். "அழுத்தி எழுதினா கிழிஞ்சிடும் சார்."