காரில் நல்ல இசை கேட்க



தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பாட்டு என்றால் திருவிழாப் பாட்டுதான். கோயில் மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் எல்லா லயங்களுக்கும் கேட்கும். பிறகு வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி வந்தது. இன்றோ பிள்ளைகள் தொழிற்சாலையில் சம்பாதித்து, மாதத் தவணையில் சொந்தக் கார் வாங்குகிறார்கள். வாங்கிய சில மாதங்களில், "அப்பா, இந்த ஸ்பீக்கரில் உருமிச் சத்தமே எடுபடவில்லை. மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் எதை முதலில் மாற்றுவது, எதில் காசு வீணாகும், எதில் ஆபத்து இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் வானொலி நம் மாநிலத்துக்குப் புதிய பொருள் அல்ல. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று சொல்வார்கள். அவற்றுள் ஜப்பானின் கிளாரியன் கார் வானொலிக்கே பேர்போனது. ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் பின்னாளில் புளோபுங்க்ட் கார் வானொலிகளைப் பினாங்கில் செய்தது. நம் ஊர்ப் பெண்களின் கைபட்ட பெட்டிகள் எந்தெந்த நாட்டுக் கார்களிலோ பாடியிருக்கின்றன!

சரி, காரோடு வரும் சாதனத்தில் என்ன குறை? விலை குறைந்த கார்களில் பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில்தான். மெல்லிய காகிதக் கூம்பு, சிறிய காந்தம். கதவுக்குள் வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகள் கிடந்தால் கூம்பு தளர்ந்து, ஒலி கரகரக்கத் தொடங்கும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும்தான். அதை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களுக்கு அதுவே போதும்.

கடைக்குப் போனதும் கண்ணை மயக்குவது, பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண். சில கார் வானொலிகளில் '50 வாட் நான்கு' என்று இருக்கும். காரின் பேட்டரியோ 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். அந்த 14 வோல்ட்டைக் கொண்டு, வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கரகரப்பு இல்லாமல் 15 முதல் 20 வாட் வரைதான் கொடுக்க முடியும். 50 என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டும் உச்ச அளவு. ஆகவே 'ஆர்.எம்.எஸ்.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். மற்ற எண் விளம்பரத்துக்கு.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பீக்கரின் உணர்திறனை டெசிபல் கணக்கில் போட்டிருப்பார்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், வானொலியின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால், சக்தியை ஏறக்குறைய பத்து மடங்கு கூட்ட வேண்டும். வாட்டைத் துரத்துவது ஏன் வீண் செலவு என்பது இப்போது விளங்கும் அல்லவா?

ஸ்பீக்கரின் முன்பக்கம் ஒலி எழுப்பும்போது பின்பக்கமும் எழுப்புகிறது. கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருந்தால், பின்னொலி கசிந்து வந்து முன்னொலியை அழித்துவிடும். முதலில் காணாமற்போவது உருமிபோன்ற தாழ்ந்த ஒலிதான். தார்ப்பசை போன்ற பியூட்டைல் தகட்டை ஒட்டி அந்த ஓட்டைகளை அடைப்பார்கள். செலவு குறைவு, பலன் அதிகம். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

இதற்கு மேலும் வேண்டுமானால் எம்பிளிஃபையர். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் துணி தேய்க்கும் பெட்டி 1000 வாட் எடுத்தாலும், 240 வோல்ட்டில் ஓடுவது சுமார் 4 ஆம்பியர்தான். உண்மையாகவே 200 வாட் கொடுக்கும் பழைய பாணி எம்பிளிஃபையரோ, பாதியை வெப்பமாக வீணாக்குவதால், முழுச் சத்தத்தில் 400 வாட் வரை இழுக்கும். 14 வோல்ட்டில் அது ஏறக்குறைய 30 ஆம்பியர்! அதனால்தான் விரல் தடிமனில் செப்பு ஒயரைப் பேட்டரியிலிருந்து நேரே இழுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் அப்படிச் செய்தார். ஒயர் இழுத்தவர் பியூசை எம்பிளிஃபையருக்குப் பக்கத்தில், பின்பெட்டியில் போட்டுவிட்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்த் திரும்பும் வழியில் காருக்குள் ரப்பர் தீயும் வாடை. எஞ்சினுக்கும் உள்ளுக்கும் இடையிலான தகட்டில் ஒயர் உராய்ந்து உறை கிழிந்திருந்தது. அவருடைய தகப்பனார் இறங்கி ஓடி, பேட்டரி முனையைக் கழற்றினார். பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

பின்பெட்டியில் பியூஸ் இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? மின்சாரம் அதுவரை போகவே இல்லை; வழியிலேயே தகட்டில் இறங்கிவிட்டது. அந்தப் பெரிய பியூஸ் காப்பது ஒயரை. ஆகவே அது பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஒயரின் தடிமனுக்கு ஏற்ற அளவாகவும் இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கறுப்பு ஒயரைச் சாயம் சுரண்டிய வெறும் இரும்பில் முறுக்க வேண்டும். தவுக்கேயிடம் இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள். "பியூஸ் எங்கே?" என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். புதிய காராக இருந்தால், கம்பெனி ஒயரை வெட்டாமல் அந்தக் காருக்கென்றே விற்கும் இணைப்பியைப் போடச் சொல்லுங்கள். வெட்டினால் உத்தரவாதம் கைவிட்டுப் போகக்கூடும்.

எம்பிளிஃபையரில் 'கெய்ன்' என்று ஒரு திருகு இருக்கும். அது சத்தம் கூட்டும் திருகு அல்ல. வானொலியின் அளவுக்கு எம்பிளிஃபையரைப் பொருத்தும் திருகு. அதைக் கடைசிவரை முறுக்கினால் ஒலி சிதையும். சிறிய ஸ்பீக்கர்கள் சூடேறிக் கருகும்.

காதையும் மறந்துவிட வேண்டாம். 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் தாங்கும். ஆலை இரைச்சலில் பகலெல்லாம் நின்றவருக்கு அதுவும் அதிகம்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைத் திருகாணிகளோடு ஒரு பையில் கட்டிப் பரண்மேல் போட்டு வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றைத் திரும்பப் பூட்டிவிட்டு, புதியவற்றை அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.