கல்லில் காசு போடுமுன் பாறையைப் பாருங்கள்

"காந்தம் ஒட்டுகிறது, காணிக்குள் இரும்பு இருக்கிறது, பங்குக்கு வாருங்கள் என்கிறார்கள். காசு போடலாமா?" என்று கல்முனை வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார். முதலில் அங்குள்ள அடிப்பாறை எதுவென்று அறியுங்கள் என்றேன்.

பாறைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள நிக்கல், செம்பு என்பன கந்தகத்துடன் சேர்ந்து, பாரமான துளிகளாக அடியில் படிகின்றன. கனடாவின் சட்பரி, ரஷ்யாவின் நொரில்ஸ்க் சுரங்கங்கள் இவ்வகையின. எந்தப் பாறை எங்கே முடிகிறது, எது தொடங்குகிறது என்று வரைந்தால்தான் எங்கே துளையிடுவது என்பது தெரியும்.

நமது கரையோரத்தின் அடியில் இருப்பது விஜயன் தொகுதி எனும் பழைமையான உருமாறிய பாறை. இதற்கும் மலைநாட்டுப் பாறைத் தொகுதிக்கும் இடைப்பட்ட எல்லையை அண்டியே 1971 இல் சேருவிலையில் செம்பும் மக்னடைற்றும் கண்டறியப்பட்டன. தெற்கே உஸ்ஸங்கொடையின் நிக்கல் கலந்த செம்மண்ணும் அவ்வெல்லையோரம்தான்.

மக்னடைற்று சாதாரண கருங்கல்லிலும் கடற்கரைக் கறுமணலிலும் சிறிதளவு உண்டு. ஆகவே காந்தம் ஒட்டுவது மட்டும் சுரங்கத்துக்குச் சாட்சியாகாது.

இன்னொன்று. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கனியங்கள் அரசுக்குரியவை. காணி உறுதி கையில் இருந்தாலும் அவற்றைத் தேட, தோண்ட, ஏற்றிச்செல்ல, விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமே அதை வழங்குகிறது. பாறை வரைபடங்களையும் அதுவே வெளியிடுகிறது. வரைபடம், அனுமதிப்பத்திரம் இரண்டையும் காட்டாதவரிடம் முதலைக் கொடுக்காதீர்கள்.